காதால் பிரித்து எழுதுக



பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. சொற்பொழிவு வகுப்பறைக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரே நிபந்தனை. அதற்குக் கட்டுப்பட்டு, ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனை நம் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். செவிலியர் பட்டம் முடித்து, சில ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வு எழுதினாள். படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் தேறிவிட்டாள். கேட்டலில் மட்டும் இரண்டு முறை தவறிவிட்டாள். ஒரு நாள் மாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எழுதிப் பார்த்தா எல்லாமே எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான் சார். கேக்கும்போது மட்டும் ஒண்ணுமே பிடிபட மாட்டேங்குது."

பயிற்சி ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். வயதான நோயாளி ஒருவர் செவிலியரிடம் கேட்கிறார்: 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ அபௌட் த பெயின்?' வலிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று பொருள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்தாம். ஆனால் அந்த மனிதர் வாயிலிருந்து வந்ததோ 'வாட்டயூ கனடூ அபௌட்தபெயின்' என்பதைப் போன்ற ஒரே நீள ஒலி. இவள் காதில் விழுந்தது 'வாட்டர்'. நோயாளி தண்ணீர் கேட்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். அடுத்து வந்ததையெல்லாம் அந்தத் தண்ணீருக்குப் பொருந்தும்படி இழுத்துப் பிடித்துப் பொருள் கொண்டாள். ஆறு வினாக்களில் நான்கு தவறாகிவிட்டன.

அவளுக்கு ஐந்தாண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைக்கு இரண்டு வேலை. காதால் உணர்வதும் கேட்பதுதான், வினா எழுப்புவதும் கேட்பதுதான். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அங்கே அது செவி வழியாகப் பெறும் அறிவைக் குறிக்கிறது. கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கும் பின்னால், அறிவுடைமைக்கு முன்னால் வள்ளுவர் அதை வைத்திருக்கிறார். உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 'பாடம் கேட்டார்' என்றுதான் இன்றும் சொல்கிறோம். நம்முடைய ஆங்கில வகுப்பிலோ 'கேள்வி' என்ற சொல்லுக்கு ஒரு பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. பத்திக்குக் கீழே வரிசையாக நிற்கும் ஐந்து வினாக்களே அந்தப் பொருள்.

என் முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் நானும் அப்படித்தான் நடத்தினேன். பத்தியை ஒருமுறை நிறுத்தி நிதானமாகப் படிப்பேன். மறுபடி ஒருமுறை படிப்பேன். பிறகு ஐந்து வினாக்கள். சரியாகச் சொன்னவர்களுக்கு ஒரு 'குட்'. தவறாகச் சொன்னவர்களுக்குச் சரியான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். தவறாகச் சொன்ன பிள்ளையின் காதில் உண்மையில் என்ன விழுந்தது என்று ஒருநாள்கூட நான் விசாரித்ததில்லை. கேட்டலைச் சோதித்தேன், கற்பிக்கவில்லை. கணக்காசிரியர் விடையை மட்டும் சொல்லிவிட்டு, வழிமுறையைப் பற்றி வாயே திறக்காவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. கில்லியன் பிரவுன் என்ற மொழியியலறிஞர் 1977இல் 'லிசனிங் டு ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்ற நூலை வெளியிட்டார். பிற நாடுகளில் ஆங்கிலம் நன்றாகக் கற்றுத் தேர்ந்து பிரிட்டனுக்கு வரும் மாணவர்கள் அங்கே இயல்பாகப் பேசப்படும் ஆங்கிலம் புரியாமல் திணறுவதைக் கண்டு எழுதப்பட்ட நூல் அது. ஜான் ஃபீல்ட் 2008இல் எழுதிய 'லிசனிங் இன் த லாங்க்வேஜ் கிளாஸ்ரூம்' என்ற நூலில் இன்னும் கூர்மையாகச் சொன்னார். ஒலிப்பதிவைப் போட்டு வினா கேட்கும் முறையில், சரியான விடை சொன்ன மாணவர் எப்படிச் சொன்னார் என்று ஆசிரியருக்குத் தெரிவதில்லை. இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்திருக்கலாம். தவறிய மாணவர் எந்த இடத்தில் தவறினார் என்பதும் தெரிவதில்லை. ஆகவே விடையோடு நிற்காமல், காது இடறிய இடத்தைத் தேடிப் போக வேண்டும், அந்த இடத்துக்கு மருந்து போட வேண்டும் என்பது அவர் வாதம். மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்ற வேலை அது.

நாடி பார்க்க எனக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. அது பக்கத்து வகுப்பிலிருந்து கிடைத்தது.

அந்தப் பெண் வந்துபோன சில வாரங்களில், பள்ளியில் ஒரு பிற்பகல் என் வகுப்பு ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் எங்கள் தமிழையா புணர்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். தோன்றல், திரிதல், கெடுதல் என்று பிள்ளைகள் ஒன்றாகச் சொல்வது கேட்டது. வாழை, பழம் சேர்ந்தால் வாழைப்பழம். பொன், குடம் சேர்ந்தால் பொற்குடம். மரம், வேர் சேர்ந்தால் மரவேர். முப்பது ஆண்டுகளுக்கு முன் நானே மனப்பாடம் செய்த பகுதிதான். அன்றைக்குத்தான் அது ஆங்கிலத்தின் இலக்கணமாகவும் என் காதில் விழுந்தது.

ஆங்கிலேயர் 'நெக்ஸ்ட் டே' என்று எழுதுகிறார்கள், 'நெக்ஸ்டே' என்று சொல்கிறார்கள். நடுவில் ஒரு டகரம் போய்விட்டது. இது கெடுதல். 'டென் கப்ஸ்' என்று எழுதுகிறார்கள். விரைந்து பேசும்போது அது 'டெங்கப்ஸ்' ஆகிறது. மரம் என்பதோடு கள் சேர்ந்து மரங்கள் ஆகிறதே, அதேபோல அடுத்து வரும் ககரத்துக்கு இடம் கொடுத்து மூக்கொலி மாறுகிறது. 'டென் பாய்ஸ்' என்றால் 'டெம்பாய்ஸ்'. இவை திரிதல்.

தோன்றலுக்கு வந்தபோது வியந்துபோனேன். உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவில் உடம்படுமெய் வரும் என்று நன்னூல் சொல்கிறது. இ, ஈ, ஐ ஆகியவற்றுக்குப் பின் யகரம், ஏனைய உயிர்களுக்குப் பின் வகரம், ஏகாரத்துக்குப் பின் இரண்டும் வரும். மணி அடித்தது என்பது மணியடித்தது, திரு அருள் என்பது திருவருள். ஆங்கிலத்தில் 'சீ இட்' என்பதைச் சேர்த்துச் சொன்னால் 'சீயிட்'. 'கோ அவே' என்பது 'கோவவே'. 'டூ இட்' என்பது 'டூவிட்'. நம் பிள்ளைக்கு இது புதிதே இல்லை. ஓரிடத்தில் மட்டும் ஆங்கிலம் தனி வழியில் போகிறது. ஆகாரத்தை ஒத்த சில உயிர்களுக்குப் பின் நாம் வகரம் போடும் இடத்தில், இங்கிலாந்தின் தென்பகுதி வழக்கில் ரகரம் தோன்றுகிறது. 'லா அண்ட் ஆர்டர்' என்பது 'லாரநார்டர்' ஆகிவிடும். ஆங்கிலேயர்களே அதை 'லாரா நார்டர்' என்று ஒரு பெண்ணின் பெயராக்கி வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

இன்னொன்று, மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுவது. தமிழ் அரசு என்பது தமிழரசு ஆகிறது. ஆங்கிலத்தில் 'திங்க் அபௌட் இட்' என்பது 'திங்கபௌடிட்' ஆகிறது. மூன்று சொற்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதுக்கு, அகராதியில் இல்லாத ஒரே சொல் வந்து விழுகிறது. ஆங்கிலேயரின் காதே இதில் ஏமாந்திருக்கிறது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன், இடைக்கால ஆங்கிலத்தில் 'நேப்ரன்'. 'அ நேப்ரன்' என்பதைத் தலைமுறை தலைமுறையாக 'அன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டுக் கேட்டு, நகரம் சொல்லிலிருந்தே கழன்றுவிட்டது. நிக்நேம் என்ற சொல்லில் நடந்தது இதற்கு நேர்மாறு. 'அன் ஈக்நேம்' என்பதிலிருந்த நகரம் இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சுக்கும் ஒரு நகரம் முதலில் இருந்தது. அரபியில் அது நாரஞ்ச். அந்த நகரம் ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே உதிர்ந்துவிட்டது. சொல்லின் வேர் திராவிட மொழிகளில் இருப்பதாக அறிஞர் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புமையை அளவுக்கு மேல் நீட்டக் கூடாது. ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது, பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. தமிழ் தன் புணர்ச்சியில் பெரும்பகுதியை எழுத்திலும் காட்டிவிடுகிறது. மரங்கள் என்று ஒலித்தால் மரங்கள் என்றே எழுதுகிறோம். ஆங்கிலம் காட்டுவதில்லை. வாய் 'டெங்கப்ஸ்' என்று சொன்னாலும் தாளில் 'டென்', நடுவில் இடைவெளி, பிறகு 'கப்ஸ்'. எழுத்தை நம்பி வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, தாளில் இருக்கும் இடைவெளி பேச்சிலும் இருக்கும் என்று நம்பிவிடுகிறது. பேச்சில் அப்படி ஓர் இடைவெளி கிடையாது.

இந்த நம்பிக்கையைக் கலைக்கவும் தமிழே உதவும். நாம் இரட்டை வழக்கில் வாழும் மக்கள். 'என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய்' என்று எழுதுகிறோம், 'என்ன பண்ணிட்ருக்க' என்று பேசுகிறோம். புத்தகத்தை மட்டும் வைத்துத் தமிழ் கற்ற வெளிநாட்டவர் ஒருவர் மதுரைப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் என்ன பாடுபடுவார் என்று என் மாணவர்களிடம் கேட்பேன். வகுப்பே கலகலத்துப் போகும். ஆங்கிலத்துக்கு முன்னால் நீங்களும் அந்த வெளிநாட்டவர்தான் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். தான் மக்கு, அதனால்தான் புரியவில்லை என்ற எண்ணம் அன்றோடு போய்விடும். என் அனுபவத்தில் அது பாதி வைத்தியம்.

அடுத்தது குற்றியலுகரம். வீடு, பாக்கு, காற்று என்ற சொற்களின் கடைசி உகரத்தை நாம் முழுதாகச் சொல்வதில்லை. ஒரு மாத்திரை அரை மாத்திரையாகிறது. இதழ் குவிவதும் இல்லை. பின்னால் உயிர் வந்தால் அதுவும் போய்விடும், வீடில்லை என்கிறோம். ஆங்கிலத்தில் இப்படிக் குறைந்து ஒலிக்கும் உயிருக்கு ஷ்வா என்று பெயர். அந்த மொழியில் மிகுதியாக வரும் உயிரொலியே அதுதான். பனானா என்ற சொல்லின் முதலிலும் கடைசியிலும் இருக்கிறது, டீச்சர் என்ற சொல்லின் கடைசியில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, சின்னச் சின்ன இணைப்புச் சொற்களில் இருக்கிறது. டு, ஃபார், ஆஃப், அண்ட், ஆர், வாஸ், ஹேவ், கேன் என்று நாம் முழுதாகச் சொல்லிக் கொடுக்கும் சொற்களெல்லாம் இயல்பான பேச்சில் பெரும்பாலும் அரை மாத்திரையாகக் கரைந்துவிடும். அந்தப் பெண்ணைத் தண்ணீருக்குக் கொண்டுபோனது 'ஆர்' என்பதன் குறுகிய வடிவம். அவளுக்கு முழு வடிவத்தை மட்டுமே நான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

'கேன்', 'கான்ட்' என்ற இணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் அதிகம். முடியும் என்பது 'கன்' என்று சுருங்கிப் பின்வரும் வினையோடு ஒட்டிக்கொள்ளும். முடியாது என்பதில் உயிர் முழுதாக ஒலிக்கும், ஆனால் கடைசி டகரம் மெய்யெழுத்தின் முன் பெரும்பாலும் காணாமல் போய்விடும். நம் பிள்ளைகள் டகரத்தைத் தேடுகிறார்கள். கேட்க வேண்டியது உயிரின் நீளத்தையும் அழுத்தத்தையும். மருந்து கொடுக்கலாமா கூடாதா என்ற இடத்தில் இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அழுத்தம் என்றதும் ஆன் கட்லர் நினைவுக்கு வருகிறார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, மனித மனம் பேச்சை எப்படிக் கேட்கிறது என்ற ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். ஆங்கிலேயர்கள் இடைவெளியே இல்லாத பேச்சை எப்படிச் சொல் சொல்லாகப் பிரிக்கிறார்கள் என்ற வினாவுக்கு 1980களில் அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் விடை கண்டார்கள். அழுத்தமான அசை வந்தால், புதிய சொல் அங்கே தொடங்குகிறது என்று ஆங்கிலக் காது கொள்கிறது. அது பெரும்பாலும் பலிக்கிறது. ஆங்கிலப் பேச்சில் வரும் பொருளுடைய சொற்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது அழுத்தமான அசையில்தான் தொடங்குகின்றன. பலிக்காத இடத்தில் ஆங்கிலேயரும் தவறுவார்கள். மெல்லிய குரலில் 'கண்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்' என்று ஒலிக்கவிட்டபோது, டாக்டர் பில் அனுப்புகிறார் என்ற பொருள்பட ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். டக், சென், ஹில் என்ற அழுத்தமான அசைகளில் சொற்களைத் தொடங்கிவிட்டார். தமிழில் அழுத்தத்துக்கு இந்த வேலை இல்லை. நம் காது எல்லா அசைகளுக்கும் சம மரியாதை கொடுத்து ஒவ்வொன்றாகப் பிடிக்கப் பார்க்கிறது. ஆங்கிலம் விழுங்கிவிட்ட அசைகளைத் தேடிக்கொண்டு நிற்பதற்குள் வாக்கியம் போய்விடுகிறது.

இனி வகுப்புக்கு வருவோம். என்னால் நடைமுறையில் செய்ய முடிந்தது இதுதான். ஒரு பாட வேளையின் முதல் பத்து நிமிடம், ஒரே ஒரு வாக்கியம், எட்டுப் பத்துச் சொற்களுக்கு மேல் போகாது. இயல்பான வேகத்தில் பேசப்பட்ட வாக்கியமாக இருக்க வேண்டும். முதல்முறை கேட்கும்போது யாரும் எழுதக் கூடாது. அழுத்தமான அசை வரும்போதெல்லாம் பென்சிலால் பெஞ்சில் ஒரு தட்டு. இரண்டாம் முறை, காதில் விழுந்ததை எழுத வேண்டும். ஆங்கிலமாகப் படாவிட்டால் தமிழ் எழுத்திலேயே, விழுந்த ஒலியை விழுந்தபடி எழுதலாம். மூன்றாம் முறை கேட்ட பிறகு, சரியான வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே எது தோன்றியது, எது திரிந்தது, எது கெட்டது என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். தமிழ்த் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் 'பிரித்து எழுதுக' என்று வருமே, அதையே இங்கே காதால் செய்கிறோம். மூன்றாம் மாதத்தில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், இதுல டகரம் கெட்டுப்போச்சு சார்" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகம் இருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுத விட்டதற்காகச் சக ஆசிரியர்கள் என்னோடு சண்டை போட்டார்கள். பகரத்தை வைத்து இரண்டு ஆங்கில ஒலிகளை எழுதும் குழப்பம் வரும் என்றார்கள். அது உண்மை, அந்தக் குழப்பத்தைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும். ஆனால் பிள்ளையின் காதில் விழுந்தது எது என்று எனக்குத் தெரிய வேறு வழி இருக்கவில்லை. 'வாட்டயூ' என்று தமிழில் எழுதிய பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்ட வெள்ளைத் தாளிலிருந்து நமக்கு எதுவும் தெரிவதில்லை.

மூன்று முறை கேட்பது என்னுடைய கண்டுபிடிப்பும் இல்லை. பவணந்தி முனிவர் நன்னூல் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைச் சொல்கிறார். இரண்டாம் முறை கேட்டவனுக்கு நூலில் பிழை மிகுதியாக வராது, மூன்றாம் முறை கேட்டவன் முறையறிந்து பிறருக்கு எடுத்துச் சொல்வான் என்பது அங்கே உள்ள கருத்து. வெளிநாடு போவோர் எழுதும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்விலோ ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். அரை மணி நேரத்தில் நாற்பது வினாக்கள். அதைக் காட்டி வகுப்பிலும் ஒருமுறைதான் போடுவேன் என்று சொல்லும் பயிற்சி மையங்கள் உண்டு. வகுப்பைத் தேர்வுக் கூடமாக்கிவிட்டால் பிள்ளை எங்கே போய்க் கற்கும்?

நம் பள்ளிகளில் காலங்காலமாக நடக்கும் டிக்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பயிற்சிதான், ஆனால் சொல் சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துப் படிக்கிறோம். கற்க வேண்டிய புணர்ச்சி அங்கேயே அழிந்துவிடுகிறது. ரூத் வைன்ரிப் 1990இல் எழுதிய 'கிராமர் டிக்டேஷன்' நூலில் இருக்கும் வழியைப் பின்பற்றலாம். சின்னப் பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை படிப்பது, பிள்ளைகள் பிடித்த சொற்களைக் குறித்துக்கொள்வது, பிறகு நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பத்தியை மறுபடி கட்டுவது. கட்டும்போது நடக்கும் வாக்குவாதம்தான் பாடம்.

மெதுவாகப் படித்தால் புரியுமே என்று கேட்பார்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் செய்தி வாசிக்கப்பட்டது. உலகம் முழுவதும் எத்தனையோ பேருக்கு அது முதல் படியாக இருந்தது. முதல் படியிலேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. வேகத்தைக் குறைத்தால் அரை மாத்திரைகள் மறுபடி முழு மாத்திரைகளாகிவிடும். வேகத்தைக் குறைக்காமல் நீளத்தைக் குறையுங்கள். ஒரு வாக்கியம் போதும்.

யாருடைய குரலைக் கேட்க வைப்பது? ஆசிரியரின் குரல், கேரளத்துக்காரர் குரல், தில்லிக்காரர் குரல், ஆப்பிரிக்கர் குரல், லண்டன்காரர் குரல், எல்லாம் வேண்டும். ஜப்பானியர்களுக்கு ஆங்கில ரகர லகர வேறுபாட்டைக் கற்பித்த ஓர் ஆய்வு 1991இல் வெளிவந்தது. பல பேருடைய குரலில் கேட்டுப் பழகியபோது புதிய குரல்களிலும் அந்த வேறுபாட்டை அவர்களால் உணர முடிந்தது. ஆனால் இந்தக் குரல்களைப் போலப் பேசும்படி பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். விழுங்கிப் பேசும் ஆங்கிலம் காதுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். நம் பிள்ளை தெளிவாக, அசை அசையாகப் பேசும் ஆங்கிலத்தில் குறை எதுவும் இல்லை.

வீட்டில் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹாலந்தில் மிட்டரர், மக்குவீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இது. ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலம் பேசும் காட்சிகளை டச்சுக்காரர்களுக்குக் காட்டினார்கள். ஆங்கில வசன வரியோடு பார்த்தவர்களின் காது அந்தப் பேச்சுக்குப் பழகியது. தாய்மொழி வரியோடு பார்த்தவர்களுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது. ஆங்கிலப் படத்தைக் கதைக்காகப் பார்த்தால் தமிழ் வரி இருக்கட்டும். காதுக்காகப் பார்த்தால் ஆங்கில வரியை வையுங்கள்.

ஊகத்தை நான் ஒதுக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். பின்னணி தெரிந்தால் காதுக்குச் சுமை குறையும். எங்கள் தலைமுறையில் பலர் வானொலியில் ஆங்கிலக் கிரிக்கெட் வருணனை கேட்டுத்தான் காதைப் பழக்கினோம். ஆட்டம் தெரியும், ஆடுபவர்கள் தெரியும், அதனால் சொல்லைப் பிடிக்க முடிந்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் நம் தமிழ்நாட்டின் சில பள்ளிகளிலும் நடத்திய திட்டத்தில் இதை அழகாகப் பயன்படுத்தினார். ரயில் கால அட்டவணையும் வரைபடமும் பிள்ளைகள் கையில் இருக்கும். ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போவார். பிள்ளைகள் கேட்டுப் புரிந்து கணக்குப் போட வேண்டும், அவர்களைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் சாதாரண வகுப்பில், கருவி எதுவும் இல்லாமல், ஆசிரியரின் வாயே போதும் என்று காட்டிய திட்டம் அது. நாம் அதை மறந்தது பெரிய தவறு.

கடைசியாகத் தேர்வு. தென்கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் 45 வினாக்கள், அவற்றில் 17 கேட்டலுக்கு உரியவை. நவம்பரில் அந்தத் தேர்வு நாளன்று, ஒலிப்பதிவு ஒலிக்கும் நேரத்தை ஒட்டி அரை மணிக்கு மேல் நாட்டின் விமான நிலையங்களில் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. ஜப்பான் தன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் 2006இல் கேட்டலைச் சேர்த்தது. 2021 முதல் படித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 என்று சமமாக்கிவிட்டது. நம் பொதுத்தேர்வு முழுக்கக் கண்ணுக்கும் கைக்கும் உரியதாகவே இருக்கிறது. புத்தகத்தில் கேட்டல் பகுதி இருக்கிறது, ஆனால் பொதுத்தேர்வில் வராத பகுதியைத் தாண்டிப் போகும்படி ஆசிரியர்மேல் எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கடி. தேர்வில் கேட்டல் வர வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன். வந்தபின் அதுவும் வெறும் வினா விடையாகச் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வகுப்பில் நிற்பவர்களுடையது.

அந்தப் பெண் மூன்றாம் முறை தேறினாள். ஏழு மாதம், வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்தோம். இன்று இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். பள்ளியிலேயே கிடைத்திருக்க வேண்டியது அவளுக்குப் பத்தாண்டு தாமதமாகக் கிடைத்தது.

இங்கே இருக்கும் ஆங்கில ஆசிரியர்களையும், ஆசிரியராகப் போகும் பிள்ளைகளையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை முதல் பாட வேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் கைபேசியில் நீங்களே இயல்பாகப் பேசிப் பதிந்த ஒரு வாக்கியத்தை மூன்று முறை போடுங்கள். அதற்கு முந்தின நாளே உங்கள் பள்ளித் தமிழாசிரியரைப் போய்ப் பார்த்து, அரை மணி நேரம் புணர்ச்சிப் பாடம் கேட்டுவிட்டு வாருங்கள்.